முரசு யார் தோளில்?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை விடியற்காலை. திண்டிவனம் புகைவண்டி நிலையத்தின் நடைமேடையில் எங்கள் பங்கைச் சேர்ந்த 22 பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தனர். வெள்ளைச் சட்டை, தோளில் குறுக்காகச் சிவப்புப் பட்டை, தலையில் அட்டையால் செய்து துணி சுற்றிய தொப்பி. சிலர் கையில் பிகில், சிலர் தோளில் டிரம். எல்லாவற்றிலும் பெரியதான பாஸ் டிரம்மை ஒரு சிறுமி கட்டிப்பிடித்தபடி நின்றாள். அது அவளைவிடச் சற்றே பருமன்.

பயணிகள் வண்டி வந்தது. பாஸ் டிரம்மை உள்ளே ஏற்றுவதற்குள் எங்களுக்கு வியர்த்துவிட்டது. மயிலத்தில் பூக்கூடையுடன் ஏறிய மூதாட்டி ஒருவர் பிள்ளைகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ஊருல கல்யாணம் கண்ணு?" என்று கேட்டார். "கல்யாணம் இல்ல பாட்டி, போட்டி" என்றான் ஒரு சிறுவன். பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையங்கள் கடந்தன. விழுப்புரத்தில் பங்குகளுக்கு இடையே நடைபெறவிருந்த பேண்டு வாத்தியப் போட்டிக்குத்தான் நாங்கள் சென்றுகொண்டிருந்தோம்.

அந்த 22 பேருள் டிரம் சுமந்தவர் யார், பிகில் ஊதியவர் யார் என்பதில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றில் தவறு செய்தவன் நான். திருத்தியவர் கொத்து வேலை செய்யும் ஒரு தகப்பனார். அதைச் சொல்வதற்கே இக்கட்டுரை. அதற்கு முன், நம் பிள்ளைகள் தூக்கிச் செல்லும் இவ்வாத்தியங்களைப் பற்றிச் சில செய்திகளை அறிந்துகொள்வது நல்லது.

பட்டாளத்திலிருந்து பவனிக்கு

டிரம்மும் பிகிலும் நம் நாட்டுக்குப் பட்டாளத்தோடு வந்தவை. கும்பினிப் படைகள் கோட்டைகளில் தங்கியிருந்த காலத்தில் அவற்றின் பேண்டு இசை நம்மவர் செவிகளில் விழுந்தது. தஞ்சை அரசர் இரண்டாம் சரபோசியின் அரண்மனையிலேயே மேனாட்டு வாத்தியக் குழு ஒன்று இருந்தது. கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835), தாம் கேட்ட மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டுஸ்வரம்' என்று வழங்கும் அவ்வகை உருப்படிகள் ஏறத்தாழ 40 உள்ளன. வெளியிலிருந்து வந்த ஒலியையும் தனதாக்கிக்கொள்ளும் ஆற்றல் நம் மண்ணுக்கு உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

'பியூகிள்' என்ற ஆங்கிலச் சொல் நம் நாவில் 'பிகில்' ஆயிற்று. இன்று சீழ்க்கை அடிப்பதையும் இளைஞர்கள் 'பிகில்' என்றே சொல்கின்றனர். உண்மையான பிகிலில் துளையும் இல்லை, விசையும் இல்லை. வளைந்த ஒரு பித்தளைக் குழாய், அவ்வளவே. உதடுகளை இறுக்கியும் தளர்த்தியும் மூச்சின் வேகத்தை மாற்றியுமே சுரங்களை எழுப்ப வேண்டும். பிகில் அழைப்புகளில் வருவன ஐந்தே ஒலிகள். நம் இசை முறையில் சொன்னால் ஸ, ப, மேல் ஸ, மேல் க, மேல் ப. மற்றச் சுரங்களுக்கு அங்கே இடமில்லை. இந்த ஐந்தை வைத்துக்கொண்டுதான் உலகெங்கும் படைவீரர்களை எழுப்புகின்றனர், உண்ண அழைக்கின்றனர், இறந்தோர்க்கு விடை கொடுக்கின்றனர்.

சைடு டிரம்மின் அடித்தோலின்மேல் மெல்லிய கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மேல்தோலில் குச்சி பட்டவுடன் கீழே அக்கம்பிகள் அதிர்வதால்தான் 'சர்ர்' என்னும் ஒலி பிறக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்தவர் காவல்துறை பேண்டிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். முதல் மாதம் முழுவதும் அவர் டிரம்மைத் தொடவே விடவில்லை. பழைய டயர்த் துண்டுகளின்மேல் வலக்கையால் இரண்டு, இடக்கையால் இரண்டு என்று அடிக்கச் சொன்னார். 'மம்மி, டாடி' என்பது அதற்குப் பெயர். உலகெங்கும் டிரம் பயில்வோர் தொடங்குவது இந்த மம்மி, டாடியில்தான். இதுபோன்ற அடிப்படை அடிகள் 40 என்று தாளக் கலைஞர்களின் பன்னாட்டுச் சங்கம் 1984ஆம் ஆண்டில் வகுத்தது. அணிநடையில் நிமிடத்திற்கு 120 அடி எடுத்து வைக்க வேண்டும். பாஸ் டிரம்மின் வல்லடி இடக்கால் தரையில் படும் நொடியில் விழ வேண்டும். 22 பேரின் இடக்கால்களும் ஒரே நொடியில் தரை தொடுவது எளிதன்று.

திருச்சபையும் முரசொலியும்

முரசு ஆலயத்துக்குள் வரலாமா என்ற கேள்வி நெடுங்காலமாக இருந்தது. 1903ஆம் ஆண்டு நவம்பர் 22, புனித செசிலியா திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றிய விதிகளை வெளியிட்டார். டிரம், ஜால்ரா முதலிய ஆரவார வாத்தியங்களை ஆலயத்தினுள் அவர் தடை செய்தார். பேண்டு குழுவினர் ஆலயத்துக்குள் வாசிப்பதையும் கண்டிப்பாக விலக்கினார். ஆனால் ஆலயத்துக்கு வெளியே நடைபெறும் பவனிகளில், உலகியல் பாட்டுகளை வாசிக்காமல் இருந்தால், ஆயரின் இசைவோடு பேண்டு வரலாம் என்று இடம் தந்தார். நம் திருவிழாக்களில் பேண்டு வாத்தியம் கோயில் வாசலோடு நின்று தேர்ப் பவனியில் மட்டும் முழங்கும் வழக்கத்துக்குப் பின்னே இவ்விதி இருந்தது எனலாம். பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, அந்தந்த நாட்டு வாத்தியங்களுக்கும் ஆலயக் கதவைத் திறந்தது. வழிபாட்டுக்குத் தகுந்ததாகவும், ஆலயத்தின் மாண்புக்கு ஒத்ததாகவும், இறைமக்களின் பக்தியை வளர்ப்பதாகவும் இருந்தால் போதும் என்பது அதன் கருத்து.

பிள்ளைகளை நல்வழிப்படுத்த வாத்தியக் குழுவைக் கருவியாகக் கொண்டவர்களுள் முதன்மையானவர் புனித தொன் போஸ்கோ (1815–1888). தூரின் நகரத் தெருக்களில் ஆதரவின்றித் திரிந்த சிறுவர்களின் கையில் அவர் கொம்பையும் டிரம்மையும் கொடுத்தார். அவருடைய சபையினர் 1906ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் வந்திறங்கினர். அவர்களுடைய பள்ளிகள் பரவிய இடமெல்லாம் பேண்டு வாத்தியமும் பரவியது.

இன்று போட்டிகளுக்கும் குறைவில்லை. குடியரசு நாள் விழாவையொட்டி தேசிய அளவில் பள்ளி பேண்டு போட்டி நடைபெறுகிறது. 2024 ஜனவரியில் டெல்லி மேஜர் தியான் சந்த் அரங்கில் நடந்த இறுதிச் சுற்றுக்கு, நாட்டின் நான்கு மண்டலங்களிலிருந்தும் 16 குழுக்கள் வந்தன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே பித்தளை வாத்தியப் பிரிவும் பைப் வாத்தியப் பிரிவும் உண்டு.

அமெரிக்காவில் ஒரு பங்கின் பிள்ளைகள்

இக்கலை போட்டியாக வளர்ந்து உச்சியைத் தொட்ட நாடு அமெரிக்கா. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களின் சங்கங்கள் அங்கே டிரம், பிகில் குழுக்களை அமைத்தன. விரைவில் கத்தோலிக்கப் பங்குகளும் தங்கள் சிறுவர்களைத் திரட்டின. நியூ ஜெர்சி மாநிலத்தின் கார்ஃபீல்டு என்னும் ஊரில் 'திருப்பெயர்' பங்கைச் சேர்ந்த சிறுவர்களைக் கொண்டு 1934ஆம் ஆண்டில் அத்தகைய குழு ஒன்று தொடங்கப்பட்டது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் குழுவாகத் தொடங்கிய அது, பிற்காலத்தில் பங்கிலிருந்து பிரிந்து 'கேடட்ஸ்' என்ற பெயரால் நாடறிந்த குழுவாயிற்று.

1972ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டர் நகரில் முதன்முறையாக நடந்த அனைத்துக் குழுக்களின் சாம்பியன் போட்டி, இன்றும் ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் நடைபெறுகிறது. ஒரு குழுவில் 165 பேர் வரை இருக்கலாம். வயது வரம்பு 22. குழலும் புல்லாங்குழலும் அங்கே கிடையாது. பித்தளை வாத்தியம், தாள வாத்தியம், கொடி ஏந்தி ஆடுவோர் மட்டுமே. கோடை முழுவதும் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று, பள்ளிக்கூடத் தரைகளில் படுத்துறங்கி, வெயிலில் நாள் முழுவதும் பயின்று, இரவில் ஏறத்தாழ 12 நிமிட நிகழ்ச்சியை அவ்விளைஞர் நடத்துகின்றனர். கேடட்ஸ் குழு இச்சாம்பியன் பட்டத்தைப் பத்து முறை வென்றது.

ஆயினும் அக்குழு இன்று இல்லை. முற்காலத்தில் இளம் உறுப்பினர் ஒருவருக்கு இழைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பாலியல் கொடுமை தொடர்பான வழக்கின் பாரத்தைத் தாங்க இயலாமல், 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. 90 ஆண்டுப் புகழ் அதைக் காப்பாற்றவில்லை. கோப்பைகளை எண்ணிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் பிள்ளைகளை எண்ண மறந்தால் என்ன நேரும் என்பதை நாம் மறக்கலாகாது.

அங்கே சொல்லப்பட்டது பெருங்கொடுமை. எங்கள் பங்கில் நான் செய்தது, செய்யும்போது தவறாகவே தோன்றாத ஒன்று. எனினும் வலியைச் சுமந்தது அங்கும் இங்கும் பிள்ளைதான்.

நான் செய்த பங்கீடு

எங்கள் பங்கு, தொண்டை நாட்டின் பல பங்குகளைப் போன்றதே. ஊர் என்று ஒரு பகுதி. காலனி என்று ஒரு பகுதி. இரண்டு பகுதியினரும் கிறிஸ்தவர்கள். ஒரே பீடம், ஒரே திருப்பலி. ஆனால் திருப்பலி முடிந்தவுடன் இரு வேறு பாதைகள்.

நல்ல மனம் கொண்ட ஒருவர் வாத்தியங்கள் வாங்கப் பணம் தந்தார். பிகில் 8, சைடு டிரம் 8, டெனார் டிரம் 2, பாஸ் டிரம் 1, பெரிய ஜால்ரா 2 சோடி, தலைவர் ஏந்தும் கோல் 1. அறிவிப்பு செய்தவுடன் இரு பகுதியிலிருந்தும் 27 பிள்ளைகள் வந்தனர். ஒரே குழுவில் இரு பகுதிப் பிள்ளைகளும் சேர்கிறார்களே என்று நான் உள்ளம் பூரித்தேன். பூரிப்பில், டிரம்களைக் காலனிப் பிள்ளைகளுக்கும் பிகில்களை ஊர்ப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. 'இவர்களுக்குத் தாளம் இரத்தத்திலேயே ஊறியது. விரைவில் கற்றுக்கொள்வார்கள்' என்று நினைத்தேன். அதைப் பாராட்டு என்றே கருதி, பிள்ளைகளின் முன்னிலையிலேயே வாய்விட்டும் சொன்னேன்.

அன்று இரவு செபமாலை முடிந்தபின், டிரம் பெற்ற ஒரு சிறுவனின் தகப்பனார் அறைவீட்டுக்கு வந்தார். கொத்து வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சாமி, எங்கப்பன் சாவுக்குப் பறையடிச்சவரு. கூலி இவ்வளவுன்னு கேட்க முடியாது, குடுத்தத வாங்கிக்கணும். வரலன்னா அடி விழும். நான் அடிக்க மாட்டேன்னு சொல்லிட்டுதான் கரணையத் தூக்கினேன். இப்ப என் புள்ள கழுத்துல நீங்க மறுபடியும் மாட்டுறீங்க. அவனுக்கு ஊத வராதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றவன் நான். ஆண்டுகள் பல மறையுரை ஆற்றியவன். ஆனால் இரத்தத்தில் தாளம் இருப்பதாகச் சொன்ன அதே வாயால், இரத்தத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்று நான் எவ்வாறு போதிப்பேன்? பிறப்பைக் கொண்டு வேலையைப் பங்கிடுவது எதுவோ, அதைத்தான் நான் கோயில் வளாகத்தில், இசையின் பெயரால் செய்திருந்தேன்.

அன்றிரவு எண்ணிக்கை நூலின் பத்தாம் அதிகாரத்தைத் திறந்தேன். இரண்டு வெள்ளி எக்காளங்கள் செய்யுமாறு மோசேக்கு ஆண்டவர் கட்டளையிடும் பகுதி அது. இரண்டும் ஒலித்தால் மக்கள் அனைவரும் கூட வேண்டும். ஒன்று மட்டும் ஒலித்தால் தலைவர்கள் மட்டும் வர வேண்டும். அவற்றை ஊதும் உரிமை ஆரோனின் புதல்வருக்கு, பிறப்பின் அடிப்படையில் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் புதிய உடன்படிக்கையில், திருமுழுக்குப் பெற்ற அனைவரையுமே அரச குருத்துவக் கூட்டம் என்று பேதுரு தம் முதல் மடலில் அழைக்கிறார் அன்றோ? அப்படியாயின் எக்காளம் யாருடையது என்று குலத்தைப் பார்த்துத் தீர்மானிக்க எனக்கு என்ன உரிமை?

பறையின் பழம்பெருமையும் பின்வந்த இழிவும்

பறை தொடக்கத்தில் இழிவானதாக இருக்கவில்லை. தொல்காப்பியம் ஐந்து நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்னும் வரிசையில் பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று நிலந்தோறும் பறை உண்டு. பறைதல் என்றால் சொல்லுதல். செய்தி சொல்லும் கருவியாக இருந்ததைச் சாவோடும், சாவை ஒரு குலத்தோடும், அக்குலத்தைத் தீண்டாமையோடும் கட்டிப்போட்டது பிற்காலச் சமுதாயம். அந்தக் கட்டாயத்தை எதிர்த்துப் பறையடிக்க மறுத்தவர்கள் பலர். எங்கள் கொத்தனாரும் அவர்களுள் ஒருவர்.

வேறு வழியில் சென்றவர்களும் உண்டு. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990ஆம் ஆண்டில் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில் இளம் பெண்கள் பறையடித்து ஆடினர். ஆண்களுக்கு மட்டும், சாவுக்கு மட்டும் என்றிருந்த வாத்தியம் தன்மானத்தின் அடையாளமாக மேடை ஏறியது. 2025ஆம் ஆண்டில் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு நடுவணரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. மறுத்தவரும் விரும்பி எடுத்தவரும் கேட்டது ஒன்றே: அடிப்பதா, வேண்டாமா என்பதை நாங்கள் தீர்மானிக்க வேண்டும்.

இது பழங்கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள எறையூரில், கத்தோலிக்கர்களாகிய இரு சமூகத்தாரிடையே மூண்ட மோதலில் 2008 மார்ச் 9ஆம் நாள் காவல்துறையினர் துப்பாக்கியால் சுட, இருவர் உயிரிழந்தனர். கோயிலுக்குச் செல்லும் தெரு யாருக்குரியது, சவ ஊர்வலம் எவ்வழியே செல்லலாம் என்ற நெடுநாள் வழக்குகள் அதன் பின்னே இருந்தன. நம் பவனிகள் கடந்து செல்லும் தெருக்களின் வரலாறு இது.

சீட்டு

மறுநாள் மாலை பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டினேன். நான் செய்த பங்கீடு தவறு என்று அனைவர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டேன். இனிச் சீட்டு எடுத்தே வாத்தியம் தருவது. ஆண்டுக்கொருமுறை வாத்தியம் மாற வேண்டும் என்றேன். காணிக்கைத் தட்டில் சீட்டுகளைப் போட்டோம்.

அதன் மறுநாள் ஐந்து பிள்ளைகள் வரவில்லை. "எங்க வீட்டுப் புள்ள டிரம் அடிச்சுக்கிட்டு தெருவுல போறதா?" என்று ஒரு தாய் என் முகத்துக்கு நேரே கேட்டார். எஞ்சியவர்கள் 22 பேர். ஊரிலிருந்து 11, காலனியிலிருந்து 11. வாத்தியங்களும் கோலும் சேர்ந்து 22. கணக்கு சரியாயிற்று, மீண்டும் சீட்டு எடுத்தோம்.

கொத்தனாரின் மகன் எடுத்த சீட்டில் 'சைடு டிரம்' என்று எழுதியிருந்தது. நான் திடுக்கிட்டேன். தகப்பனார் பின்வரிசையில் நின்றிருந்தார். அவர் அருகே சென்று, "மாற்றிக் கொடுக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் மகனைப் பார்த்தார். அவனுக்கு இருபுறமும் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். ஒருபுறம் ஊர்ப் பையன், கையில் அதே சைடு டிரம் சீட்டு. மறுபுறம் ஊர்ச் சிறுமி, பாஸ் டிரம்.

"சீட்டுல வந்தா சரி சாமி" என்றார்.

ஆறு மாதம் பயின்றார்கள். உதடு வெடித்தது, உள்ளங்கை காய்த்தது. பிறகுதான் அந்தப் பயணிகள் வண்டி, விழுப்புரம், போட்டி.

நடுவர்கள் உடை, அணிவகுப்பு, தாளம், ஒலித்தெளிவு என்று பல கூறுகளுக்கு மதிப்பெண் இட்டனர். மைதானத்தின் இரண்டாம் மூலையில் திரும்பும்போது எங்கள் பின்வரிசை வளைந்துவிட்டது. பிகில்காரர்களுள் இருவருக்குக் கடைசி நிமிடத்தில் உதடு தளர்ந்து மேல் சுரம் பிசிறியது. ஏழு பங்குகளில் நாங்கள் நான்காமிடம். திரும்பும் வழியில் எலுமிச்சைச் சோற்றைத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் ஒரு சொல்லும் பேசவில்லை. விக்கிரவாண்டி தாண்டியபின் யாரோ ஒருவர் இருக்கைப் பலகையில் விரல்களால் மம்மி, டாடி தட்டத் தொடங்க, மற்றவரும் சேர்ந்துகொண்டனர். திண்டிவனம் வரை அது நிற்கவில்லை.

இரண்டு சாவு

உண்மையான போட்டி அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுத்த தவக்காலத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்தார். உறவினர் இருவர் என்னிடம் வந்து, "சாமி, டிரம் பிள்ளைகளை மட்டும் அனுப்புங்கள், பணம் கொடுத்துவிடுகிறோம்" என்றனர். எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. டிரம் பிள்ளைகளுள் பாதிப் பேர் அவர்கள் தெருவிலேயே வசிப்பவர்கள் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை. டிரம் என்றவுடன் அவர்கள் மனக்கண்ணில் எழுந்தது காலனி மட்டுமே.

"வந்தால் 22 பேரும் வருவார்கள், இல்லையேல் ஒருவரும் வரமாட்டார்கள். பணம் வேண்டாம். பங்கில் யார் இறந்தாலும் இதுவே முறை" என்றேன். தயங்கினர், பின்னர் இசைந்தனர். குழு முழுவதும் சென்றது.

மூன்று வாரம் கழித்துக் காலனியில் ஒரு மூதாட்டி இறந்தார். கொத்தனாரின் தாயார்; பறையடித்தவரின் மனைவி. பிள்ளைகள் அனைவருக்கும் செய்தி அனுப்பினேன். மாலை மூன்று மணிக்கு வந்து நின்றவர்கள் 17 பேர். வராத ஐவரும் ஊர்ப் பிள்ளைகள். வந்தவருள் ஊரிலிருந்து ஆறு பேர் இருந்தனர். பாஸ் டிரம் அடிக்கும் சிறுமியும் வந்திருந்தாள். அவளுடைய தகப்பனார் அவளைக் காலனித் தெருமுனைவரை கொண்டுவந்து விட்டார், உள்ளே வரவில்லை, ஆனால் திரும்பிச் செல்லவும் இல்லை. அடக்கம் முடியும்வரை அம்முனையிலேயே நின்றிருந்து மகளை அழைத்துச் சென்றார்.

டிரம்களின்மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தோம். படைவீரர் அடக்கத்தில் அது வழக்கம். ஒலி மங்கி, தொலைவிலிருந்து வருவதுபோல் கேட்கும். 120 அடி அன்று பாதியாகக் குறைந்தது. கல்லறையில் ஊர்ப் பையன் ஒருவனும் காலனிப் பையன் ஒருவனும் பிகில் ஊதினர். கொத்தனாரின் மகன் பாட்டியின் பெட்டிக்கு முன்னால் டிரம் அடித்துச் சென்றான். அவன் பாட்டனார் எத்தனையோ பேருடைய சாவுக்கு அடித்தவர். அவர் மனைவியின் சாவுக்கு, கேட்டுப் பெற்ற மரியாதையோடு, ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து அடித்தனர். 22 பேரும் வந்தார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். 17 பேர் என்பதே உண்மை.

பங்குக் குடும்பங்களுக்குச் சில சொற்கள்

நான் இப்போது வேறு பங்கில் இருக்கிறேன். அக்குழுவின் பிள்ளைகளுட் சிலர் வேலைக்குச் சென்றுவிட்டனர். டியூசனும் தேர்வும் கைப்பேசியும் பல பங்குகளில் பேண்டு வாத்தியத்தைப் பரணில் ஏற்றிவிட்டன. அதை மீண்டும் இறக்க எண்ணும் பங்கினருக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

வாத்தியத்தைச் சீட்டினாலோ பயிற்சியாளரின் தேர்வினாலோ கொடுங்கள். குடும்பத்தையும் தெருவையும் பார்த்துக் கொடுக்காதீர்கள். ஆண்டுதோறும் மாற்றுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் எல்லா வாத்தியமும் உரியதே. உடைக்கும் பயணத்துக்கும் பணம் தர இயலாத பிள்ளை வெளியே நிற்க நேராதவாறு பங்கு நிதியிலிருந்து கொடுங்கள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்பது பிறர் அறிய வேண்டியதில்லை. பயிற்சி, திறந்த இடத்தில், பெற்றோர் இருவரேனும் பார்த்திருக்க நடக்கட்டும். குருவாயினும் பயிற்சியாளராயினும் தனியே ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் இருத்தலாகாது. பட்டினியோடு பிகில் ஊதச் செய்யாதீர்கள். உச்சி வெயிலில் அணிநடை வேண்டாம். மூடிய அறையில் மணிக்கணக்காக டிரம் அடித்தால் செவி கெடும். வீட்டில் டயர்த் துண்டு போதும்.

திருவிழாவுக்குப் பேண்டு குழுவை அழைத்தால், பேசிய கூலியை முழுமையாக, அன்றே, மரியாதையோடு கொடுங்கள். அவர்களைப் பந்தியில் கடைசியாக உட்கார வைக்காதீர்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை எந்த இடம் பெற்றான் என்று கேட்கும் முன், அவனுக்கு இருபுறமும் நின்றவர் யார், அவர்கள் பெயர் என்ன என்று கேளுங்கள். அவன் தயங்காமல் சொன்னால், அக்குழு செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. வரும் திருவிழாப் பவனியில் முரசொலி உங்கள் தெருவில் கேட்கும்போது சற்று வெளியே வந்து பாருங்கள். முரசு யார் தோளில் இருக்கிறது? பிகில் யார் கையில் இருக்கிறது? உங்கள் பங்கில் அதைத் தீர்மானித்தது யார்?